எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பிசாங்கா: சுடர் வேண்டாம், மெழுகு போதும்

முட்டையில் மெழுகாலும் சாயத்தாலும் வடிவங்கள் வரையும் உக்ரைன் கலையான பிசாங்காவைச் சொல்லிக்கொடுக்கும்போது, எந்த வடிவத்துக்கு என்ன பொருள் என்ற குறியீட்டுப் பட்டியலைக் கொடுத்தால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள், மெழுகை உருக்கச் சுடர் வைக்கவும் பயம் என்று எழுதியிருந்தீர்கள். பட்டியலை முதலில் கொடுக்காதீர்கள். பிசாங்கா என்ற பெயரே உக்ரைன் மொழியில் 'எழுது' என்ற வினையிலிருந்து வந்தது, அதனால் "முட்டையில் யாருக்கு என்ன வாழ்த்து எழுதப் போகிறாய்?" என்று கேளுங்கள், அப்புறம் கோதுமைக் கதிர் நல்ல விளைச்சலுக்கு, சூரியன் உயிருக்கு, முட்டையைச் சுற்றி முடிவில்லாமல் ஓடும் அலைக்கோடு நித்தியத்துக்கு என்று சொன்னால் அவர்களே தேடி எடுத்துக்கொள்வார்கள். ஊருக்கு ஊர் பொருள் மாறும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சுடருக்குப் பதில் அவித்த வெள்ளை முட்டையும் மெழுகுவர்த்தித் துண்டும் போதும். முதலில் மெழுகுக்கோடு, பிறகு மஞ்சள் சாயம், காய்ந்ததும் மறுபடி கோடு, கடைசியில் சிவப்பு. மெழுகு மூடிய இடம் பழைய நிறத்திலேயே நிற்பதைப் பார்க்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்!

கார்பாத்திய மலையின் ஹுட்சுல் மக்களின் கதையையும் கட்டாயம் சொல்லுங்கள்: சங்கிலியில் கட்டுண்ட தீய சக்தி ஒன்று இருக்கிறது, பிசாங்கா எழுதுவது குறைந்தால் சங்கிலி தளரும். உக்ரைனின் கொலோமியா நகரில் முட்டை வடிவிலேயே ஒரு பிசாங்கா அருங்காட்சியகம் இருக்கிறது, படம் காட்டுங்கள். 2024-இல் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.