அடங்கிய குடல் அழற்சி மறுபடி கிளம்புமா? வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு (பெருங்குடலின் உள்சவ்வில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்) அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் மாத்திரை சாப்பிடுகிறேன். ரத்தம் போவது நின்று பதினான்கு மாதம் ஆகிறது. அடுத்து எப்போது கிளம்பும் என்று சொல்கிற டெஸ்ட் இருக்கிறதா டாக்டர்?

பதில்: தேதி குறித்துச் சொல்லும் டெஸ்ட் இல்லை. ஆனால் வரப்போவதைக் கொஞ்சம் முன்னாலேயே காட்டிக்கொடுக்கும் டெஸ்ட் உண்டு. மலத்தில் கால்புரோடெக்டின் அளவைப் பார்ப்பதுதான் அது. குடலின் உள்சவ்வில் அழற்சி மூளும்போது நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் அங்கே வந்து குவியும். அவற்றில் நிறைந்திருக்கும் புரதம் இது. மலத்தோடு வெளியே வந்துவிடும். கண்ணுக்கு ரத்தம் தெரிவதற்கு முன்பே இது ஏறத் தொடங்கலாம். அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசியில் நோய் அடங்கியிருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், நோய் திரும்பியவர்களுக்கு மூன்று மாதம் முன்பே அளவு உயர்ந்திருந்தது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு தடவையும் கிராமுக்கு 300 மைக்ரோகிராமைத் தாண்டியதே வலுவான எச்சரிக்கையாக இருந்தது.

தொந்தரவு எதுவும் இல்லை, அளவும் 150-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம். சில மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, எண்களை ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். எனக்கு ஒரு எண்ணைவிட அது போகும் திசைதான் முக்கியம்.

கேள்வி: மகளுக்குக் கால்புரோடெக்டின் போன முறை 90, இப்போது 280. பயமாக இருக்கிறது. முழங்கால் வலிக்கு ஒரு வாரம் மாத்திரை போட்டிருந்தாள்.

பதில்: பதற வேண்டாம் அம்மா. அது ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரையாக இருந்தால் அதுவே இந்த அளவை ஏற்றிவிடும். வயிற்றில் ஏதாவது தொற்று வந்து போயிருந்தாலும் ஏறும். அந்த மாத்திரையை நிறுத்திச் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த வகை மாத்திரைகள் சிலருக்கு நோயையே கிளப்பிவிடுவதும் உண்டு. இனி வலிக்கு என்ன போடலாம் என்று அவளுடைய டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பொதுவாகப் பாராசிட்டமால்தான் சொல்வோம்.

கேள்வி: நன்றாகத்தானே இருக்கிறேன், மாத்திரையைக் குறைத்துக்கொண்டால் என்ன?

பதில்: வாராவாரம் யாராவது கேட்கும் கேள்வி இது. மெசலமைனில் ஆறு மாதத்துக்கு மேல் நோய் அடங்கியிருந்த 99 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003-ல் வெளியானது. மாத்திரையை ஒழுங்காக வாங்கிச் சாப்பிட்டவர்களில் 89 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியே இருந்தது. விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களில் 39 சதவீதம்தான். நோய் திரும்பும் அபாயம் இவர்களுக்கு ஐந்து மடங்குக்கும் மேல். எந்த லேப் ரிப்போர்ட்டைவிடவும் உங்கள் கையில் இருக்கும் நல்ல முன்னறிவிப்பு இதுதான்.

அதனால்தான் வருகிறவர்களிடம் மாத்திரை அட்டையையும் கொண்டுவரச் சொல்கிறேன். "தினமும் போடுகிறேன் டாக்டர்" என்று மனதார நம்பிச் சொன்ன ஒருவரின் பையில், போன மாதம் தீர்ந்திருக்க வேண்டிய இரண்டு அட்டைகள் பிரிக்காமலே கிடந்தன. பகல் வேளை மாத்திரை மட்டும் வேலையில் மறந்துபோயிருக்கிறது. அவரை நான் திட்டவில்லை. மொத்த அளவையும் ஒரே வேளைக்கு மாற்றிக் கொடுத்தேன்; அடங்கியிருக்கும் காலத்தில் ஒரே வேளையாகச் சாப்பிட்டாலும் பலன் குறைவதில்லை. நீங்களாகக் குறைக்காதீர்கள். மூன்று வேளை சிரமமென்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியில் குடல் சுத்தமாக இருக்கிறதாம். சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியில் மட்டும் அழற்சி இருக்கிறது என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டும் உண்மை. கண்ணுக்கு ஆறினாலும் மைக்ரோஸ்கோப்பில் நியூட்ரோஃபில்கள் மிச்சம் இருக்கலாம். இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்பது 1991 முதலே தெரிந்த விஷயம். ஆனாலும் பயாப்ஸியை மட்டும் வைத்து நான் மருந்தை ஏற்றுவதில்லை. கால்புரோடெக்டினைக் கொஞ்சம் நெருக்கமாகப் பார்ப்பேன்.

கேள்வி: சிகரெட்டை விட்ட பிறகுதான் எனக்குக் கிளம்பியது. மறுபடி பிடிக்கலாமா?

பதில்: கூடாது. விட்ட பிறகு சிலருக்குக் கிளம்புவது உண்மைதான். அதற்கு மருந்து இருக்கிறது. நுரையீரலுக்கும் இதயத்துக்கும் சிகரெட் செய்யும் கேட்டுக்கு ஈடு இல்லை.

கேள்வி: ஒரு வாரமாகத் தினமும் ஐந்து தடவை வயிற்றுப்போக்கு போகிறது. பழைய ஸ்டீராய்டு மாத்திரை வீட்டில் இருக்கிறது. ஆரம்பிக்கட்டுமா?

பதில்: ஆரம்பிக்காதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தாலே நோய் திரும்பிவிட்டது என்று ஆகாது. சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் எடுத்தீர்களா? குளோஸ்ட்ரிடியம் டிஃபிசைல் கிருமித் தொற்று அச்சு அசலாக இந்த நோய் போலவே வரும். முதலில் மலத்தில் அதைப் பார்க்க வேண்டும். ரத்தம் இருக்கிறதா, தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் இல்லாமல் கால்புரோடெக்டினும் குறைவாக இருந்தால், அழற்சி இல்லாத வெறும் குடல் எரிச்சலாகவும் இருக்கலாம். ஒரு நாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ படபடப்போ இருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.