உச்சத்தில் விலகுவது யாருக்காக?

அன்புள்ள ஐயா,

ஜப்பானிய பேஸ்பால் வீரர் இச்சிரோ சுசூகி 2025இல், சாதனை வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்ததை ஒட்டி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். பேஸ்பாலில் எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. ஆனாலும் கடைசிவரை விடாமல் படிக்க முடிந்தது. படித்த பிறகு யூட்யூபில் தேடி அவர் பேட் பிடிக்கும் அழகைப் பார்த்தேன்.

ஒன்றுதான் உறுத்துகிறது. 2010 வரை பத்து சீசன்களிலும் 200 ஹிட்டுக்கு மேல் அடித்த மனிதர், அதற்குப் பிறகு ஒன்பது வருடம் ஏன் இழுத்தடிக்க வேண்டும்? நீங்கள் கொண்டாடும் கென் கிரிஃபியும் கடைசி சீசனில் ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் கதையும் அதேதான். என் அப்பா கவாஸ்கர் பக்தர். கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில், பெங்களூரில், 96 அடித்துவிட்டுப் போனாரே, அதுதான் மரியாதை என்பார். எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஐபிஎல்லுக்கும் தோனியை வைத்து இதே சண்டைதான். உச்சத்தில் இருக்கும்போதே விலகுவதுதானே ஒரு விளையாட்டு வீரனுக்கு அழகு? பிடித்தவர்கள் என்பதால் நீங்கள் சலுகை காட்டுகிறீர்களோ என்று தோன்றியது.

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேஸ்பாலை முதல்முறையாகப் பார்ப்பவன் எதிலிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

க.ச., ஈரோடு

அன்புள்ள க.ச.,

சலுகை காட்டுகிறேன், உண்மைதான். சிறுவயதில் அப்பாவின் வேலை நிமித்தம் சியாட்டிலுக்குக் குடிவந்த நாளிலிருந்து அந்த ஊர் அணியான மரைனர்ஸின் ரசிகன் நான். 1977இல் தொடங்கிய இந்த அணி இன்றுவரை உலகத் தொடர் என்னும் இறுதிச் சுற்றில் ஒருமுறைகூட ஆடியதில்லை. கோப்பைகளை எண்ணிச் சந்தோஷப்பட எங்களுக்கு வழியில்லாததால் இச்சிரோ, கிரிஃபி, ஃபெலிக்ஸ் போன்ற எங்கள் ஆட்களைத்தான் பிடித்துக்கொண்டோம். தோனி விவகாரத்தில் நான் தலையிட மாட்டேன், உங்கள் வீட்டுச் சண்டையை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா சொல்வதும் அழகான விஷயம்தான். ஆனால் அந்த அழகு யாருக்கு என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

இச்சிரோவையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் சொல்கிறபடி 2010 முடிவில் அவர் பேட்டை வைத்திருந்தால் அமெரிக்காவில் அவர் கணக்கு 2,244 ஹிட். (பந்தை அடித்துவிட்டு, அவுட்டாகாமல் பேஸ் என்று குறித்த இடத்தை ஓடிப் பிடிப்பதுதான் ஹிட்.) அதற்குப் பிறகு வந்தவை 845. மூவாயிரமாவது ஹிட் 2016 ஆகஸ்டில், டென்வரில், மூன்றாவது பேஸ் வரை ஓடிய டிரிப்பிளாக வந்தது. அப்போது அவருக்கு 42 வயது, ஆடியது மயாமி மார்லின்ஸுக்கு. இருபதுகளில் இருந்த மூன்று அவுட்ஃபீல்டர்களுக்கு மாற்றாளாகப் பெஞ்சில் உட்கார்ந்துதான் அங்கே சம்பளம் வாங்கினார். அந்தச் சீசனில் அவர் சராசரி .291, அதாவது பத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று ஹிட்.

சரி, எண்ணிக்கையை விடுங்கள். 2012 ஜூலை 23 அன்று நான் மைதானத்தில் இருந்தேன். நியூயார்க் யாங்கீஸ் அணி சியாட்டிலுக்கு வந்திருந்த நாள். மதியம்தான் செய்தி வந்தது: இச்சிரோவை யாங்கீஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். கேட்டு வாங்கிக்கொண்டு போனவரே அவர்தான். இருபது வயதுப் பிள்ளைகளை வைத்து அணியை மறுபடி கட்டுகிறார்கள், அதில் தனக்கு இடமிருக்கக்கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அன்று மாலை அதே மைதானத்தில், எதிரணிச் சட்டையில், 51க்குப் பதில் 31ஐ முதுகில் போட்டுக்கொண்டு வந்தார். பதினொரு வருடமாக முதல் ஆளாக இறங்கியவரை எட்டாவது இடத்தில் இறக்கினார்கள். அவர் பேட்டோடு வந்ததும் கூட்டம் மொத்தமாக எழுந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு பக்கம் குனிந்தார், திரும்பி மறுபக்கம் குனிந்தார். பிறகு நடுவே தட்டி, முதல் பேஸ் வரை ஓடி ஒரு சிங்கிள். அடுத்து, யாரும் பந்தை அடிக்காமலே ஓடி இரண்டாவது பேஸைத் திருடினார். எங்களுக்கு எதிராக எடுக்கப்பட்ட பேஸுக்கு நாங்களே கத்தினோம். 2010இல் அவர் போயிருந்தால் எனக்கு இந்த மாலை இல்லை. அவருடைய 262 ஹிட் சீசனைவிட இந்த ஒரு சிங்கிள்தான் எனக்கு அதிகம் ஞாபகத்தில் இருக்கிறது.

262 என்றதும் இன்னொன்று. 2004இல் அவர் முறியடித்தது ஜார்ஜ் சிஸ்லர் 1920இல் வைத்த 257 என்ற சாதனை. 84 வருடம் யாரும் அதைத் தொடவில்லை. சாதனையை உடைத்த இரவு, இச்சிரோ நேராகப் பார்வையாளர் வரிசைக்குப் போய் சிஸ்லரின் வயதான மகளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். 2009இல் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்காக செயின்ட் லூயிஸ் போனபோது சிஸ்லரின் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தார். செத்துப்போன ஒரு பேட்டரை இவ்வளவு மதிக்கிற ஆளுக்கு, தன் பெயருக்குக் கறை படியும் என்ற கவலை இருந்திருக்காதா? இருந்தும் ஆடினார் என்றால் அதைக் கறையாக அவர் நினைக்கவில்லை என்றுதானே பொருள்? (2015இல் சீசனின் கடைசி நாள் மார்லின்ஸுக்காக ஓர் இன்னிங்ஸ் பந்தும் வீசினார். பள்ளிக்கூட நாளில் அவர் பிட்சர். எத்தனை வருடம் காத்திருந்தாரோ!)

கிரிஃபி விஷயத்தில் நீங்கள் சொல்வதில் பாதி சரி. 2010இல் அவர் 33 ஆட்டம் ஆடினார், சராசரி .184. பேஸ்பாலில் பத்துக்கு மூன்று முறை ஹிட் அடித்தாலே பெரிய ஆள், இது பத்துக்கு இரண்டுகூட இல்லை. ஆட்டம் நடக்கும்போது உடைமாற்றும் அறையில் அவர் தூங்கிவிட்டார் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. அதே மே மாதத்தில் மாற்று பேட்டராக இறங்கி ஒரு சிங்கிளால் டொராண்டோவுக்கு எதிரான ஆட்டத்தை முடித்தும் வைத்தார். ஜூன் 2 அன்று யாரிடமும் விழா கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு ஃபுளோரிடா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அணி அவருடைய அறிக்கையை வாசித்தது. இரண்டாவது பேஸுக்குப் பின்னால் செம்மண்ணில் அவருடைய சட்டை எண்ணான 24ஐ எழுதினார்கள். அதுவும் பெரிய செய்தியாகவில்லை. அன்றிரவு டெட்ராய்டில் அம்பயரின் தவறான தீர்ப்பால் பிட்சர் அர்மாண்டோ கலாரகா, எதிரணியில் ஒருவரையும் பேஸுக்கு விடாமல் முடிக்கும் பெர்ஃபெக்ட் கேமை இழந்தார், நாடு முழுக்க அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது.

மோசமான முடிவுதான். 630 ஹோம் ரன் அடித்தவர் அப்படிப் போயிருக்கக்கூடாது. ஆனால் கோபம் வருவது அவர்மேல் அல்ல. 2009லேயே அவர் சராசரி .214. அடுத்த வருடத்துக்கும் ஒப்பந்தம் போட்ட நிர்வாகத்துக்கு அவர் பேட் தேவைப்படவில்லை, டிக்கெட் விற்கிற முகம் தேவைப்பட்டது. இல்லையென்று சொல்லும் தைரியம் அங்கே ஒருவருக்கும் இருக்கவில்லை. அதற்கு ரசிகர்களாகிய நாங்களும் உடந்தை. 2007இல் சின்சினாட்டி அணியோடு அவர் சியாட்டிலுக்கு ஆட வந்தபோது, திரும்பி வா, திரும்பி வா என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் நாங்கள்தானே.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு சீசன் என்பது ஆறு மாதத்தில் 162 ஆட்டம். ஏறக்குறைய தினசரி ஆட்டம். கடையைத் திறப்பதுபோல மைதானத்துக்கு வருகிறார்கள். அதனால் ஒருவருடைய கை தளர்வதை நீங்கள் பெரிய மேடையில் ஒரே நாளில் பார்ப்பதில்லை, வானொலியில் இரவு இரவாகக் கேட்கிறீர்கள். எங்களுக்கு அதைச் சொன்ன குரல் டேவ் நீஹாஸ், அணியின் முதல் நாளிலிருந்து 2010இல் சாகும்வரை வர்ணனை செய்தவர். நேற்றுவரை சுவரைத் தாண்டிய பந்து இன்று சுவருக்கு முன்னால் பிடிபடுகிறது என்பதை அவர் குரல் எழும்பி இறங்குவதிலேயே தெரிந்துகொள்வோம்.

ஃபெலிக்ஸ் கதையும் அதேதான் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. வெனிசுவேலாவிலிருந்து வந்து பத்தொன்பது வயதில் அணிக்குள் நுழைந்த பையன். 2010இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார், அந்தச் சீசனில் அவர் கணக்கு 13 வெற்றி, 12 தோல்வி. வேலைநிறுத்தத்தால் சுருங்கிய 1981 சீசனை விட்டால், அவ்வளவு குறைந்த வெற்றியோடு தொடக்க பிட்சர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவரை நடக்காத காரியம். அவர் ரன் கொடுப்பதில்லை, எங்கள் ஆட்கள் ரன் எடுப்பதுமில்லை. 2012 ஆகஸ்ட் 15 மதியம் டாம்பா பே அணியின் 27 பேரையும் வரிசையாக அனுப்பி பெர்ஃபெக்ட் கேம் வீசினார். அன்றும் ஸ்கோர் 1-0தான்! அடுத்த ஆண்டு வேறு ஊருக்குப் போகும் வாய்ப்புக்குக் காத்திராமல் இங்கேயே ஏழு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார், பத்திரிகையாளர்கள் முன்னால் அழுதார். பிறகு தோள் ஓய்ந்தது. மணிக்கு 95 மைலுக்கு மேல் போன பந்து 90ஐத் தொடத் திணறியது. 2018இல் தொடக்க பிட்சர் வரிசையிலிருந்தே இறக்கினார்கள். 2019இல் ஒரு வெற்றி, எட்டுத் தோல்வி.

அந்தச் செப்டம்பர் 26இல் அவருடைய கடைசி ஆட்டம். இடதுபக்க கேலரியில் மஞ்சள் சட்டை போட்ட அவருடைய ரசிகர் கூட்டம். ஆறாவது இன்னிங்ஸில் மேனேஜர் வந்து பந்தை வாங்கிக்கொண்டார். பதினைந்து சீசனில் ஒருமுறைகூட ப்ளே-ஆஃப் ஆடாத மனிதர், அழுதபடி அந்த மஞ்சள் கூட்டத்தைப் பார்த்துக் குனிந்தார். 2012 ஆகஸ்டோடு நிறுத்தியிருக்கலாம் என்று அவரிடம் போய் யார் சொல்வது? என்றாவது ஒருநாள் ப்ளே-ஆஃப் நடக்கும் அக்டோபரில் இங்கே ஆடுவோம் என்றுதானே மிச்ச வருடங்களையெல்லாம் அவர் வீசினார்?

அப்புறம், உச்சம் எது என்று அப்போதே தெரியும் என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் நான் ஒத்துப்போகவில்லை. ராண்டி ஜான்சன், ஆறடி பத்து அங்குல இடதுகைப் பிட்சர். 1996இல் முதுகில் அறுவை சிகிச்சை. 1998இல் எங்களுக்காக 9 வெற்றி, 10 தோல்வி, வயது 35ஐ நெருங்கிவிட்டது. இவர் அவ்வளவுதான் என்று ஜூலைக் கடைசியில் ஹூஸ்டனுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே மிச்சச் சீசனில் 10 வெற்றி, 1 தோல்வி. அடுத்து அரிஸோனாவுக்குப் போய் 1999 முதல் 2002 வரை நான்கு வருடமும் சை யங் விருது. நாற்பது வயதில் பெர்ஃபெக்ட் கேம். உங்கள் கணக்குப்படி 1995தான் அவர் விலகியிருக்க வேண்டிய உச்சம். எட்கர் மார்ட்டினஸுக்கு 27 வயதுவரை அணியில் நிலையான இடமே இல்லை. மாறுகண் தொல்லைக்காக, எண் எழுதிய டென்னிஸ் பந்துகளை இயந்திரம் வீச, எண்ணைப் படித்துப் படித்துக் கண்ணைப் பழக்கியவர். 37 வயதில் 145 ரன்களை அடித்துக் கொண்டுவந்து லீகிலேயே முதலாவதாக வந்தார். ஃபீல்டிங் செய்யாத வெறும் பேட்டர் என்று ஹால் ஆஃப் ஃபேம் வாக்காளர்கள் ஒன்பது முறை ஒதுக்கி, கடைசி வாய்ப்பான பத்தாவது முறையில் சேர்த்தார்கள்.

வாக்காளர்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. இச்சிரோவுக்கு 394இல் 393 வாக்கு. போடாத அந்த ஒருவருக்கு வீட்டில் விருந்து வைப்பதாகச் சொல்லியிருந்தார். ஏற்புரையில், அந்த அழைப்பு காலாவதியாகிவிட்டது என்று சிரிக்கவைத்தார். வருடக்கணக்கில் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசியவர், அந்த உரையை ஆங்கிலத்திலேயே நிகழ்த்தினார்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். 1995 அக்டோபர் 8, யாங்கீஸுக்கு எதிரான ப்ளே-ஆஃப் தொடரின் ஐந்தாவது ஆட்டம், பதினோராவது இன்னிங்ஸ். எட்கர் இடதுபக்கம் அடிக்கிறார், முதல் பேஸில் நிற்பவர் கிரிஃபி. விதிகளெல்லாம் பிறகு படித்துக்கொள்ளலாம். பந்தைப் பார்க்காதீர்கள், கிரிஃபி ஓடுவதை மட்டும் பாருங்கள். அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.