வெளிநாட்டில் மின் அமைப்புப் பொறியாளராக வேலை பார்ப்பது எப்படி இருக்கும்?

நான் இருப்பது பினாங்கில். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ரிலே (கோளாறைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் கருவி) சோதிப்பதும் மின்தரம் அளப்பதும் என் வேலை. அதற்கு முன் ஈரோட்டுப் பக்கம் ஒரு நூற்பாலை. 2012-ல் கரண்ட் இருக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் அங்கே ஷிஃப்டே போடுவோம். (அந்த ஜூலையில் வட இந்தியா இருண்டபோது நாம் தப்பித்தோம். தென் மண்டல கிரிட் அப்போது மற்றதோடு ஒத்திசைவில் இணைந்திருக்கவில்லை. நம் மின்வெட்டு உள்ளூர்ச் சரக்கு.)

இங்கே வந்த இரண்டாம் மாதம் ஒரு சிப் தொழிற்சாலையில் கூப்பிட்டார்கள். முந்தின நாள் சாயங்கால மழையில் உற்பத்தி லைன் மொத்தமும் நின்றுவிட்டதாம். பார்த்தேன், சப்ளை போகவே இல்லை. லைட் ஒரு தடவை கண் சிமிட்டியதோடு சரி. "அப்ப ஒண்ணுமில்லையே" என்று சொல்லித் தொலைத்தேன். மேலாளர் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

நடந்தது இதுதான். எங்கோ தூரத்தில் 132 கேவி மின்கடத்து லைனில் மின்னல் விழுகிறது. ரிலே பார்த்து பிரேக்கர் (லைனைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) திறக்க ஏறக்குறைய ஐந்து சைக்கிள், அதாவது 100 மில்லி செகண்ட். அதற்குள் சுற்றுவட்டாரம் முழுக்க வோல்டேஜ் சரிந்து மீள்கிறது. சிப் இயந்திரங்கள் இதைத் தாங்கும். வோல்டேஜ் பாதியாகக் குறைந்தாலும் 0.2 நொடி ஓட வேண்டும் என்கிறது சிப் துறையின் செமி எஃப்47 தரநிலை. நின்றுபோனது சில்லர், அதாவது ஆலையைக் குளிர்விக்கும் இயந்திரம். பேனலைத் திறந்தால் உள்ளங்கை அளவு கான்டாக்டர் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்று, அதன் காந்தச் சுருள் பிடி விட்டு 'டக்'கென்று திறந்திருக்கிறது. சில்லர் மறுபடி ஏறுவதற்குள் சிப் செய்யும் தூசியில்லா அறையான கிளீன்ரூமின் குளிரும் ஈரப்பதமும் கெட்டுவிட்டன. கான்டாக்டரை இயக்கும் கன்ட்ரோல் சர்க்யூட்டுக்கு மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ் வைத்தோம். ஆலைக்கே பெரிய யூபிஎஸ் வாங்கச் சொல்லியிருந்தால் அவமானம் இரட்டிப்பாகியிருக்கும்.

காகித விஷயம்: வேலை பெர்மிட் கம்பெனியோடு கட்டிப்போட்டது. மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவில்லாமல் வரைபடத்தில் கையெழுத்துப் போட முடியாது. சுவிட்சைத் தொடவும் முடியாது. அதற்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற சார்ஜ்மேன் வேண்டும். எங்களுடைய சார்ஜ்மேன் பட்டர்வொர்த் தமிழர், என்னைவிட இருபது வயது மூத்தவர். முதல் நாள் பிரேக்கர் பக்கம் கையை நீட்டினேன். "தம்பி, டிகிரி உங்ககிட்ட, சாவி என்கிட்ட. தள்ளி நில்லுங்க லா" என்றார். அவர் எர்த் பண்ணி, பூட்டுப் போட்டு, பெர்மிட்டில் கையெழுத்திட்ட பிறகுதான் நான் உள்ளே போவேன்.

வர நினைப்பவர்கள் பாதுகாப்பு ரிலே செட்டிங்கும், கோளாறின்போது பதிவான வோல்டேஜ் அலைவடிவத்தைப் படிக்கவும் நன்றாகக் கற்றுக்கொண்டு வாருங்கள். கொஞ்சம் மலாயும் வேண்டும். சப்ளை நிறுத்த அறிவிப்பில் இருந்த 'பென்சாவாங்' ஏதோ ஊர்ப்பெயர் என்று நினைத்து நான் கூகுள் மேப்பில் தேடியிருக்கிறேன். துணைமின் நிலையமாம். சார்ஜ்மேன் அண்ணன் தே தாரிக் (ஆற்றிய பால் டீ) கடையில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.