மலேயாவுல நேதாஜி படையில இருந்த அப்பாரைப் பத்தி எங்க தேடறது?

பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறையில இருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு, அவங்க அப்பாரு (தாத்தா) மலேயாவுல பால்மரம் வெட்டிட்டு, அதாவது ரப்பர் மரத்துல பால் எடுத்துட்டு இருந்தப்ப நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்துல (ஐஎன்ஏ) சேர்ந்தாருன்னு அத்தை சொல்லுதாம், கையில ஒரு காகிதம் இல்ல, எங்க தேடறதுன்னு.

முதல்ல அவரு தோட்டத்துல இருந்து நேரா சேர்ந்தாரா, பிரிட்டிஷ் பட்டாளத்துல இருந்து போனாரான்னு தெரிஞ்சுக்கங்க. 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் ஜப்பான்காரங்ககிட்ட விழுந்தப்ப பிடிபட்ட இந்திய சிப்பாய்ங்கள வச்சுதான் பிரிட்டிஷ் பட்டாளத்துல கேப்டனா இருந்த மோகன் சிங் படையை ஆரம்பிச்சாரு, அவங்களுக்கு பட்டாள நம்பர் உண்டு, அந்தந்த ரெஜிமெண்ட் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதலாம், மெட்ராஸ் ரெஜிமெண்ட்னா வெலிங்டன். ஆனா தோட்டத்து ஆளுங்க நெறைய பேரு 1943 ஜூலையில நேதாஜி சிங்கப்பூர் வந்தப்புறம்தான் சேர்ந்தாங்க, அவங்க பேரு பிரிட்டிஷ் பட்டாளக் கணக்குல வராது. அங்க இல்லேன்னு பதில் வந்தா அத்தை சொன்னது பொய்னு நினைச்சுடாதீங்க. எந்த எஸ்டேட், யாரு கங்காணி, திரும்பி வந்தப்ப கப்பல் எங்க இறங்குச்சு, எல்லாத்தையும் அத்தைகிட்ட இப்பவே கேட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கங்க, இது தள்ளிப்போடற வேலை இல்ல.

டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துல ஐஎன்ஏ காகிதங்கள் இருக்கு, அவங்க அபிலேக் படல் சைட்லயே தேடலாம். கேரளான்னு மட்டும் போட்டுத் தேடாதீங்க, 1949 வரைக்கும் கொழிஞ்சாம்பாறை இருக்கற சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யம், பக்கத்துல கொல்லங்கோடு அப்ப மலபார் ஜில்லா, மெட்ராஸ் மாகாணம். பேரையும் மலேயாவுல எழுதின மாதிரி போடுங்க, வேலுன்னா இங்கிலீஷ்ல கடைசியில ரெண்டு ஓ.

என்னைக் கேட்டா பென்சன் ஃபைல்தான் பெரிய புதையல். 1972-ல மத்திய அரசு தியாகி பென்சன் கொண்டு வந்தப்ப ஐஎன்ஏ ஆளுங்களும் மனு போட்டாங்க, எங்க சேர்ந்தேன், எங்க அடைச்சு வச்சாங்க, கூட ஜெயில்ல இருந்தது யாருன்னு அதுல வரும், அவரே சொன்ன கதை அது. பாலக்காடு கலெக்டர் ஆபீசுக்கும் டெல்லி உள்துறை அமைச்சகத்துக்கும் தகவல் உரிமைச் சட்டத்துல தனித்தனியா மனு போடுங்க, பீஸ் 10 ரூபாதான். தள்ளுபடி ஆன மனுவோட நகலும் வேணும்னு மறக்காம எழுதுங்க, அதுலயும் அதே விவரம் இருக்கும்.

இன்னொண்ணு, அந்தப் பென்சன் அவருக்கப்புறம் சம்சாரத்துக்கும் கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கும் போகும், பேரப்பிள்ளைங்களுக்கு கிடையாது, வாங்கித் தரேன்னு எவனாவது பணம் கேட்டா கொடுத்துடாதீங்க.