அந்தக் கார்டு யாருடையது, தம்பி?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். சர்க்கரை, மூட்டுவலி. போன ஆடியில் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அக்கா பாளையங்கோட்டையில் இருக்கிறாள். வியாழனும் ஞாயிறும் செங்கோட்டை ரயிலில் போய்ப் பார்த்து வருவதும், மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் அவள்தான். மூன்று முதியோர் இல்லங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் ஒன்று, இருவர் தங்கும் அறை, மாதம் 19,000 ரூபாய். தென்காசி ரோட்டில் ஒன்று, தனி அறை, 28,000. கோவையில் ஒன்று, 42,000, டெபாசிட் 5 லட்சம், எல்லா வசதியும் உண்டு. கோவைதான் நல்லது என்று நினைக்கிறேன். டெபாசிட்டை நானே கட்டிவிடுகிறேன். மாதச் செலவை அக்காவும் நானும் எப்படிப் பிரித்துக்கொள்வது? அப்பா தலைமையாசிரியராக இருந்தவர், அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் 27,000 வருகிறது. அம்மாவின் ஏடிஎம் கார்டு இரண்டு வருடமாக என்னிடம்தான் இருக்கிறது, அதனால் அதில் சிக்கல் இல்லை. வீட்டுச் செலவுக்கு மாதம் 5,000 அக்காவுக்கு ஜிபேயில் போட்டுவிடுகிறேன். அப்பாவின் பணம் 15 லட்சம் அம்மா பெயரில் வங்கியில் கிடக்கிறது. வீட்டையும் விற்றுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: தம்பி, இல்லங்களைப் பற்றி விலாவாரியாக எழுதியிருக்கிறீர்கள். கார்டைப் பற்றி ஒரே ஒரு வரி. அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

27,000 வருகிறது. 5,000 போகிறது. மீதி 22,000 எங்கே? இரண்டு வருடத்துக்குக் கூட்டினால் 5,28,000 ரூபாய். கோவை இல்லத்துக்கு நீங்கள் கட்டுவதாகச் சொல்லும் டெபாசிட்டே 5 லட்சம்தான். அது உங்கள் பணமா, அம்மாவின் பணமா?

நீங்கள் எடுத்துச் செலவழித்துவிட்டீர்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படியே கணக்கில் கிடக்கலாம். வீட்டுக் கடனுக்கு ஒரு மாதம் எடுத்துவிட்டு அடுத்த மாதம் போட மறந்தும் இருக்கலாம். எதுவானாலும் அம்மாவுக்குத் தெரியுமா? தன் கணக்கில் இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியுமா? அரிசி, பருப்பு, கரண்டு, கேஸ், வீட்டு வேலைக்கு வருகிறவருக்குச் சம்பளம் எல்லாம் போக 5,000 ரூபாயில் சர்க்கரை மாத்திரைக்கு என்ன மிஞ்சும்? அக்கா தன் கையிலிருந்து போடுகிறாள், தம்பி. உங்களிடம் கேட்கவும் மாட்டாள். நம் பக்கத்துப் பெண்கள் பிறந்த வீட்டுக்குச் செய்ததைக் கணக்கு எழுதி வைப்பதில்லை. அவளிடம் போய் மாதச் செலவில் பாதி கேட்கப் போகிறீர்கள்!

அம்மாவால் வங்கிக்குப் போக முடியவில்லை, அதனால்தான் கார்டை வாங்கி வைத்தேன் என்பீர்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. கிளையில் போய்க் கேளுங்கள். ஓய்வூதியம் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று உறுதி செய்கிற வருடாந்திர நேர்காணலுக்குக்கூட 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரர் வீட்டுக்கே வந்து ரேகை எடுத்துக்கொண்டு போகிறார். கார்டு சென்னையில் இருக்க ஒரு காரணமும் இல்லை.

எங்கள் அத்தையைப் பற்றிச் சொல்கிறேன். 82 வயதில் ஓர் இல்லத்தில் சேர்த்தோம். நல்ல இடம்தான். சேர்த்த அன்று, "தொலைஞ்சு போயிரும், நாங்க வச்சிருக்கோம்" என்று அவள் இடுப்பில் இருந்த சுருக்குப் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. அடுத்த மாதம் பார்க்கப் போனபோது அங்கே வேலை செய்கிற பிள்ளை அத்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தது. வாரி முடித்ததும் அத்தையின் கை தானாக இடுப்புக்குப் போனது. சேலை மடிப்புக்குள் விரலை விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துழாவினாள். அப்புறம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்குப் பத்தோ இருபதோ கொடுக்க நினைத்திருக்கிறாள். அன்று சாயங்காலமே பையைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனாலும் அந்த ஒரு மாதம் இன்னும் என்னை உறுத்துகிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாதச் செலவை எப்படிப் பிரிப்பது? இப்போதைக்குப் பிரிக்கவே வேண்டாம். அந்த 15 லட்சத்தில் 3 லட்சத்தை ஆத்திர அவசரத்துக்கு வைத்துவிட்டு, 12 லட்சத்தை அம்மா பெயரிலேயே மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடச் சொல்லுங்கள். தபால் நிலையத்திலும் வங்கியிலும் உண்டு. ஐந்து வருடத் திட்டம், இடையில் எடுத்தால் கொஞ்சம் பிடிப்பார்கள். இப்போது வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் வந்து விழும். 12 லட்சத்துக்கு வருடம் 98,400, மாதக் கணக்கில் 8,200. ஓய்வூதியத்தோடு சேர்த்தால் 35,200. தென்காசி ரோட்டு இல்லத்துக்கு 28,000 கட்டிய பிறகும் அம்மா கையில் 7,200 இருக்கும். மாத்திரைக்கும் ஆகும், தலை வாரிவிடுகிற பிள்ளைக்குக் கொடுக்கவும் ஆகும். தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு அம்மாவை, பிள்ளைகள் பங்கு போட்டுக் காப்பாற்ற வேண்டியவராக நீங்கள் நினைத்துவிட்டீர்கள். கார்டு உங்கள் பர்ஸில் இருப்பதால் வந்த நினைப்பு அது.

இல்லத்தின் கட்டணம் வருடா வருடம் ஏறும். அகவிலைப்படி ஏறுவது அதற்கு ஈடாகாமல் போகலாம். அம்மா படுக்கையில் விழுந்தால் செலவு வேறு மாதிரி ஆகிவிடும். அப்போது நீங்கள் போடுங்கள். அக்காவைவிட அதிகமாகப் போடுங்கள். அவள் இத்தனை நாள் வாரம் இரண்டு முறை ரயிலேறிப் போட்டிருக்கிறாள்.

மூன்று இல்லங்களையும் நீங்கள் பார்த்தீர்கள். அம்மா பார்த்தாரா? கடிதத்தில் எங்கேயும் இல்லை. கார்டை எடுத்துக்கொண்ட மாதிரியே இதையும் நீங்களே முடிவு செய்கிறீர்கள். முதியோர் இல்லத்தில் சேர்ப்பது பாவம் என்று நினைக்கிறவள் இல்லை நான். தனி வீட்டில் விழுந்து கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் பெற்றவளைக் கேட்காமல் பெட்டியைக் கட்டுவது பாவம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குளியலறையில் கைப்பிடி போட்டு, கூடவே தங்க ஒரு ஆளையும் வைத்துக்கொண்டு இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று அவர் சொன்னால், அதற்கும் அவர் பணம் இருக்கிறது.

கோவையை விட்டுவிடுங்கள். கோவையில் முதியோருக்கான குடியிருப்புகள் நிறைய இருக்கின்றன, வசதியும் இருக்கும். அங்கே அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? வியாழக்கிழமை அக்கா எப்படிப் போவாள்? அம்மாவை நம் ஊர்ப் பேச்சில் "ஏட்டி" என்று உரிமையாகக் கூப்பிடுகிற ஒருத்தியாவது அங்கே உண்டா?

மற்ற இரண்டிலும் 19,000, 28,000 என்ற எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அறை, சாப்பாடு, துணி துவைப்பது இவ்வளவுதான் பெரும்பாலும் அதில் அடங்கும். தனி ஆயா, டயப்பர், பிசியோதெரபி, ஆம்புலன்ஸ் எல்லாம் தனித்தனி பில்லாக வரும். ஓய்வூதியர் மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரியில் படுத்தால்தான், இல்லத்துக் கட்டணத்துக்குக் கிடையாது. நடமாட்டம் நின்றுபோனால் வைத்துக்கொள்வார்களா, வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்வார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நடமாடுகிறவர்களை மட்டும் வைத்துக்கொள்கிற இல்லங்கள் உண்டு. முன்பணம் கேட்டால், எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளில் வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யார் விழித்திருப்பார்கள், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று கேளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் போய் நில்லுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து அம்மாவுடையதாக இருக்கட்டும், கட்டணம் அவர் கணக்கிலிருந்தே போகட்டும். பணம் கட்டுகிறவர் என்று தெரிந்தால் அங்கே இருப்பவர்கள் அவரிடம் பேசுவார்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் உங்களுக்குத்தான் போன் வரும்.

வீட்டை ஒரு வருடத்துக்குத் தொடாதீர்கள். இல்லம் பிடிக்கவில்லை என்றால் அவர் திரும்பி வந்து வீட்டு முன்பக்கத் தார்சாவில் உட்கார ஓர் இடம் வேண்டும். பத்திரம் யார் பெயரில் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. அப்பா சம்பாதித்து, உயில் எழுதாமல் போன வீடு என்றால், இந்து வாரிசுச் சட்டப்படி அம்மா, அக்கா, நீங்கள் மூன்று பேருக்கும் சமபங்கு. விற்பதற்கு நீங்கள் மட்டும் நினைத்தால் போதாது.

2007-ல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. சேரன்மகாதேவி சார் ஆட்சியர் அலுவலகத்தில் அம்மா ஒரு மனு கொடுத்தால் உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தாலே வழி சொல்வார்கள். அம்மா அதைச் செய்ய மாட்டார். உங்களை விட்டுக்கொடுத்து அக்காவிடம்கூட ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். அது தெரிந்துதான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

இந்த வெள்ளிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். காலையில் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு அக்காவை வரச்சொல்லி, இரண்டு பேருமாக அம்பாசமுத்திரம் போங்கள். இரண்டு வருடக் கணக்கு விவரத்தை அம்மா முன்னால் வைத்து, எடுத்தது எவ்வளவு, இருப்பது எவ்வளவு என்று நீங்களே வாசித்துக் காட்டுங்கள். எடுத்தது இருந்தால் எப்போது திருப்பிப் போடுவீர்கள் என்று தேதி சொல்லுங்கள். கார்டை அவர் கையில் கொடுங்கள். ஆட்டோ பிடித்து ஏடிஎம்முக்குக் கூட்டிக்கொண்டு போய் ரகசிய எண்ணை மாற்றச் சொல்லுங்கள். அவர் எண்ணை அழுத்தும்போது நீங்கள் வாசலில் நில்லுங்கள்.