புல் தின்னுற மிருகத்துக்கு எதுக்கு இவ்ளோ கோவம்?

அண்ணா வணக்கம்,

நீங்க விலங்குகள பத்தி எழுதுறத விடாம படிக்கிறவன் நான். ரொம்ப நாளா ஒரு டவுட். சிங்கம், புலி பசிக்கு கொல்லுதுன்னா புரியுது. நீர்யானை புல் தானே தின்னுது, மனுஷன தின்னப் போறதும் இல்ல, அப்புறம் எதுக்கு படகையே கவுத்து ஆள கடிச்சுக் கொல்லுது? யானை, எருமை எல்லாத்துக்கும் இதே கேள்விதான். இது சும்மா வெறியா? இன்னொண்ணு, சிங்கமும் புலியும் மோதினா யாரு ஜெயிப்பா? ஃப்ரெண்ட்ஸ்குள்ள பெட் ஓடுது.

உங்கள் வாசகன்

தம்பி வணக்கம்,

பெட்ட மொதல்ல முடிச்சுடுவோம். ஆசிய சிங்கம் இப்போ காட்டுல இருக்கறது குஜராத்ல, கிர் காட்டுலயும் அத சுத்தியும் தான், அங்க புலி கெடையாது, அதனால மோத வாய்ப்பே இல்ல. அப்படியே எதிர்ல எதிர்ல வந்தாலும் உறுமிட்டு ஆளுக்கொரு பக்கம் போகத்தான் பாக்கும். வேட்டையாடுற மிருகத்துக்கு உடம்புதான் மூலதனம், ஒரு கோரைப்பல் ஒடஞ்சா வாழ்நாள் பூரா பட்டினி. 1907ல ஜிம் கார்பெட்ங்கற வேட்டைக்காரர் உத்தராகண்ட் பக்கம் சுட்ட சம்பாவத் பெண்புலிய எடுத்துக்கங்க, 436 பேர கொன்னதா கணக்கு, அதுக்கு வலது பக்கம் மேலயும் கீழயும் கோரைப்பல் ரெண்டும் ஒடஞ்சிருந்துச்சு, பழைய துப்பாக்கி காயம், வழக்கமான இரைய பிடிக்க முடியாமதான் மனுஷன் பக்கம் திரும்புச்சுன்னு கார்பெட் முடிவு பண்ணார்.

காயம் படாத புலி எப்பவும் லாப நஷ்டம் பாக்கும். சுந்தரவனத்துல 1980கள்ல காட்டுக்குள்ள போறவங்க தலைக்குப் பின்னாடி மனுஷ முகம் வரைஞ்ச முகமூடி கட்டிக்கிட்டு போனாங்க, புலி பின்னால இருந்து தான் பாயும், இந்தாளு நம்மள பாத்துட்டான்னு நெனச்சா பாயாதுங்கற ஐடியா. கொஞ்ச காலம் நல்லாவே வேலை செஞ்சுது, அப்புறம் புலிங்க உஷாராயிடுச்சுன்னு சொல்றாங்க. ஒரு பொய் முகத்துக்கே பின்வாங்குற மிருகத்ததான் நாம கொடூரத்துக்கு உதாரணமா வெச்சிருக்கோம்!

இப்போ உங்க கேள்விக்கு வரேன். நரி ஓடுறது சாப்பாட்டுக்கு, முயல் ஓடுறது உயிருக்கு, அதனாலதான் முயல் ஜெயிக்குதுன்னு ஒரு பழைய ஈசாப் கதை இருக்குல்ல, அத வெச்சு 1979ல ரிச்சர்ட் டாக்கின்ஸ், ஜான் கிரெப்ஸ்னு ரெண்டு விலங்கியல் ஆராய்ச்சியாளருங்க ஒரு விஷயம் சொன்னாங்க. நரி தப்பு பண்ணா ஒரு வேளை சோறு போச்சு, முயல் தப்பு பண்ணா எல்லாமே போச்சு, அதனால பரிணாமம் முயலோட கால்களத்தான் கூடுதலா முடுக்கும். அவங்க பேசுனது ஓட்டத்த பத்தி. நான் அத சண்டைக்கும் இழுத்துப் போடுறேன். புல் தின்னிக்கு "இது ஆபத்தா இல்லையா"ன்னு யோசிச்சுட்டு நிக்கிற வசதி கெடையாது, ஒண்ணு ஓடணும், இல்லன்னா மொத அடி தன்னோடதா இருக்கணும்.

நீர்யானைக்கு ஓடி ஒளியற இடம் ஒண்ணே ஒண்ணுதான், தண்ணி. வெயில்ல தோல் காஞ்சு வெடிச்சுடும்ங்கறதால பகல் பூரா உள்ளயே கெடக்கும், ராத்திரி கரையேறி சுமார் 40 கிலோ புல்ல மேஞ்சுட்டு விடியறதுக்குள்ள திரும்பும். அந்த நேரத்துல அதுக்கும் ஆத்துக்கும் நடுவுல ஒரு மனுஷன் நிக்கிறான்னு வைங்க, அவன் தண்ணி மொள்ள வந்தானா மீன் பிடிக்க வந்தானான்னு அதுக்கு என்ன தெரியும், வீட்டு வாசல்ல ஒருத்தன் வழி மறிச்சு நிக்கிறான், அவ்ளோதான் கணக்கு, ஒன்றரை டன் உடம்பு மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல வரும். படகு கதை வேற. ஆண் நீர்யானை எல்லை பிரிச்சு காவல் காக்கறது தண்ணியில மட்டும்தான், கரையில மேயும்போது பக்கத்துல இன்னொரு ஆண் மேஞ்சாலும் பெருசா கண்டுக்காது. படகு நேரா அந்த எல்லைக்குள்ளயோ குட்டி வெச்சிருக்கற தாய் பக்கத்துலயோ போயிடுது. கடிக்கறதுக்கு முன்னாடி அது வாய 150 டிகிரி வரைக்கும் பொளந்து அரை மீட்டர் கோரைப்பல்ல காட்டும், நம்மாளு அத கொட்டாவின்னு நெனச்சு போட்டோ எடுப்பான்.

அது மாதிரி எச்சரிக்கை அநேகமா எல்லாத்துக்கும் உண்டு தம்பி, சண்டைய விட மெரட்டல் சீப். காத விரிச்சு தூசி கெளப்பிக்கிட்டு ஓடி வர்ற யானை பெரும்பாலும் பாதில நின்னுடும். உள்ளங்கைல அடங்குற நீல வளைய ஆக்டோபஸ்கூட மொதல்ல வளையத்த பளிச் பளிச்சுன்னு காட்டும், கடி அப்புறம்தான், அந்த விஷத்துக்கு மாத்து மருந்து கெடையாதுங்கறது வேற விஷயம்.

எருமைல இன்னும் ஒரு படி மேல. சிங்கம் புடிச்ச கன்னு கத்துச்சுன்னா ஓடிப்போன கூட்டமே திரும்பி வந்து சிங்கத்த மரத்துல ஏத்தி விடும். புதர்ல ஒளிச்சு வெச்ச சிங்கக் குட்டிய தேடிப்புடிச்சு மிதிச்சுக் கொல்றதும் உண்டு. இத வன்மம்னு சொல்ல எனக்கே தோணும்.

ஆனா "வெறி"ங்கற உங்க வார்த்தை நெஜமாவே பொருந்துற இடம் ஒண்ணு இருக்கு, அது யானை. தென்னாப்பிரிக்கால க்ரூகர் தேசியப் பூங்காவுல யானை ஜாஸ்தியாயிடுச்சுன்னு பெரியவங்கள சுட்டுக் கொன்னுட்டு குட்டிகள மட்டும் பிலானஸ்பர்க் பூங்காவுக்கு கொண்டுபோய் விட்டாங்க. அதுங்க வளந்து இளவட்டமாச்சு, 1992லேர்ந்து 1997 வரைக்கும் 40க்கும் மேல வெள்ளைக் காண்டாமிருகங்கள குத்திக் கொன்னுச்சு. சாப்பாட்டுக்கும் இல்ல, பயத்துக்கும் இல்ல. ஆராய்ச்சியாளருங்க பாத்தப்போ, 25 வயசுக்கு மேல வரவேண்டிய மதம் இவனுங்களுக்கு 18லயே வந்துடுச்சு, வந்தா மாசக்கணக்கா எறங்கறதும் இல்ல. 1998ல க்ரூகர்லேர்ந்து வயசான ஆண் யானை ஆறு கொண்டு வந்து விட்டாங்க. கொலை நின்னு போச்சு! பெரிய ஆண் எதிர்ல வந்தா சின்னவனோட மதநீர் ஒழுகறதே நின்னுடும், மதத்த கெளப்புற ஹார்மோனே அடங்கிடும். அடக்க ஆளில்லாத குறைதான் அங்க காண்டாமிருகத்து மேல எறங்குச்சு.

கடைசியா காசோவரி, ஆஸ்திரேலியா பக்கம் இருக்கற பறவை, பழம் தின்னி, கால்ல 12 சென்டிமீட்டர் நகம். குவீன்ஸ்லாந்துல மனுஷங்கள அது தாக்குன 150 சம்பவத்த அலசி 1999ல ஒரு ஆய்வு வந்துச்சு, முக்கால்வாசி தாக்குனது ஏற்கனவே மனுஷங்க தீனி போட்டு பழக்குன பறவைங்க. பயம் போயிடுச்சு, இப்போ சோத்த எங்கடான்னு கேக்குது. அந்த ஆய்வுல சாவு ஒண்ணே ஒண்ணுதான், 1926ல 16 வயசுப் பையன் ஒருத்தன். அவனும் தம்பியும் கட்டை எடுத்துக்கிட்டு அந்தப் பறவைய அடிச்சுக் கொல்லப் போயிருக்காங்க.

அன்புடன்,
அண்ணன்