கேள்வி – பதில்: அதிபருக்காகச் செய்த ஹெலிகாப்டர், உதிரி பாகமான கதை

கேள்வி: அமெரிக்க அதிபருக்கெனத் தயாரான ஹெலிகாப்டர்களைக் கனடா வாங்கி, பறக்கவிடாமல் உதிரி பாகங்களுக்காகப் பயன்படுத்தியது உண்மையா? புதிய இயந்திரத்தைப் பிரிப்பது ஊதாரித்தனம் அல்லவா? (ஒரு வாசகர், நாமக்கல்)

பதில்: உண்மைதான். ஆனால் ஊதாரித்தனம் நடந்தது அமெரிக்காவில். கனடா செய்தது சிக்கனம் என்பேன். அதிபருக்கான விஎச்-71 திட்டத்தின் செலவு 1,300 கோடி டாலரைத் தொடும் என்ற நிலையில், 2009-இல் அமெரிக்கா அதைக் கைவிட்டது. அதற்குள் தயாராகியிருந்த ஒன்பது ஹெலிகாப்டர்களையும் அவற்றுக்கான உதிரி பாகங்களையும் 2011-இல் கனடா 16.4 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. கனடா விமானப்படை தேடல், மீட்புப் பணிக்குப் பயன்படுத்தும் கார்மரன்ட்டும் விஎச்-71-உம் ஏடபிள்யூ101 என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால்தான் இந்த வியாபாரம் படிந்தது.

இதன் வேர் 1993-இல் இருக்கிறது. அவ்வாண்டு கனடாவில் பதவியேற்ற பிரதமர் ழான் கிரெத்தியனின் அரசு, இதே குடும்பத்து ஹெலிகாப்டர்களுக்கு முந்தைய அரசு கொடுத்திருந்த பெரிய ஆர்டரை ரத்து செய்து, அதற்கு இழப்பீடாகவும் பெருந்தொகை கட்டியது. பிறகு 1998-இல் அதே அரசே, மீட்புப் பணிக்கு மட்டும் 15 கார்மரன்ட்டுகளைத் தேர்ந்தெடுத்தது. சுமார் 1.8 கோடி சதுர கிலோமீட்டர் நிலத்தையும் கடலையும் கண்காணிக்க வேண்டிய நாட்டுக்கு இது சொற்பம். 2006-இல் நோவா ஸ்கோஷியாவின் கான்சோ அருகே, இரவுப் பயிற்சியின்போது ஒன்று கடலில் விழுந்து மூவர் இறந்ததால், எண்ணிக்கை 14 ஆனது.

இதற்கிடையே, வால் விசிறியின் இறகுகளைத் தாங்கும் மையப் பகுதியில் விரிசல்கள் தென்பட்டன. அந்தப் பாகத்தை அடிக்கடி சோதிக்கவும் மாற்றவும் வேண்டியிருந்தது. மாற்றுவதற்கோ கையிருப்பு போதவில்லை. ஒரு ஹெலிகாப்டரில் கழற்றி இன்னொன்றில் மாட்டினால், வேலை இரட்டிப்பாகுமே தவிரப் பற்றாக்குறை தீராது. 2005-இல் கனடாவின் டிரென்டன் விமானப்படைத் தளத்திலிருந்து கார்மரன்ட்டுகளை விலக்கிவிட்டு, சிறிய கிரிஃபன் ஹெலிகாப்டர்களை நிறுத்த நேர்ந்தது. வேலை நேரத்தில் அழைப்பு வந்தால் 30 நிமிடங்களிலும், மற்ற நேரத்தில் இரண்டு மணி நேரத்திலும் கிளம்பியாக வேண்டும் என்பது அங்குள்ள மீட்புப் பிரிவுகளுக்கான விதி. பாகம் வரட்டும் என்று கொட்டகையில் நிற்கும் இயந்திரம் அந்தக் கணக்கில் சேராது. உலகில் குறைவாகவே புழங்கும் ஒரு ரகத்தைக் குறைந்த எண்ணிக்கையில் வாங்குபவர், உற்பத்தியாளரிடம் வரிசையில் கடைசியில்தான் நிற்க வேண்டியிருக்கும். வாங்கும்போதே உதிரி பாகங்களுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்காததே அடிப்படைத் தவறு என்பது என் கருத்து.

கேள்வி: பிரித்தெடுத்த பாகம் காயலான் கடைச் சரக்கு அல்லவா? அதை நம்பிப் பறக்கலாமா? (அதே வாசகர்)

பதில்: பாகத்தோடு வரும் ஆவணமே அதைத் தீர்மானிக்கிறது. விசிறி, கியர் பெட்டி போன்றவற்றின் முக்கியப் பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் தொடர் எண்ணும், எத்தனை மணி நேரம் பறந்தது, எப்போது பழுது பார்க்கப்பட்டது என்ற பதிவேடும் உண்டு. அனுமதிக்கப்பட்ட மணி நேரம் முடிந்துவிட்டால், பளபளப்பாக இருந்தாலும் கழற்றியே ஆக வேண்டும். பதிவேடு தொலைந்த பாகம், புதிதானாலும், வெறும் உலோகம்தான். விஎச்-71-கள் அதிகம் பறக்காதவை, வரலாறு தெளிவாக உள்ளவை. ஆனால் எல்லாமே பொருந்திவிடாது. அதிபரின் வசதிக்கென அமைத்தவற்றால் மீட்புப் பணிக்குப் பயனில்லை. ரப்பர் வளையம் போன்றவையோ, பறக்காமல் கிடந்தாலும் காலாவதியாகிவிடும்.

2022 டிசம்பரில், இவற்றைத் தயாரிக்கும் லியோனார்டோ நிறுவனத்துடன் கனடா செய்த ஒப்பந்தப்படி, மேலும் ஒன்று குறைந்து எஞ்சியிருக்கும் 13 கார்மரன்ட்டுகள் நவீனமாக்கப்படுகின்றன. புதிதாக மூன்று சேர்கின்றன. மொத்தம் 16, அதாவது 1998-இல் தேர்ந்தெடுத்ததைவிட ஒன்றே ஒன்று கூடுதல்.